ஒரு கிலோ ஈயம்

முப்பத்திரண்டு வருடம் பந்தயக் குதிரை மேல் உட்கார்ந்து பிழைத்த அந்த மனிதரிடம், உங்கள் பரம எதிரி யார் என்று கேட்டால், எந்தக் குதிரையையும் சொல்ல மாட்டார். கூட ஓட்டிய எந்த ஜாக்கியையும் சொல்ல மாட்டார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் கிடக்கும் எடை மெஷினைத்தான் காட்டுவார். தினமும் காலையில் அதன் மேல் ஏறுவார். முள் தனக்குப் பிடிக்காத இடத்தில் போய் நின்றால், மெதுவாக ஒரு காலைத் தூக்குவார். ஒற்றைக் காலில் நின்றால் எடை குறையும் என்று எந்த விஞ்ஞானமும் சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் தூக்குவார். ஒரு நாள் மைதானத்துத் தராசிலும் பழக்க தோஷத்தில் காலைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து தொழிலில் அவருக்குக் ‘கொக்கு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கொக்கின் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒரு வரி போதும். காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத காபி அரை டம்ளர். மதியம் இரண்டு அவித்த முட்டை, அதிலும் வெள்ளை மட்டும். இரவில் நல்ல நினைவுகள். முட்டையின் மஞ்சள் கருவெல்லாம் மனைவிக்கு. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே எடை. அவர் தின்னாமல் விட்டது வீணாகக் கூடாதே என்று அந்த அம்மாள் பொறுப்பெடுத்துக்கொண்டதில், இப்போது அவருடைய ஆகிருதிக்குப் பின்னால் கொக்கு நின்றால் கொக்கு இருப்பதே தெரியாது.

“ஏங்க, பசிச்சா மனுஷனுக்குக் கோவம் வரும்னு சொல்வாங்க. நீங்க முப்பது வருஷமா கோவமாவே இருக்கீங்க. சரியாத்தான் இருக்கு” என்பார்.

“நீ மெல்லறதைக் கொஞ்சம் சத்தமில்லாம மெல்லேன்.”

“சத்தமாவது உங்க காதுல விழட்டுமேன்னுதான்.”

கொக்கு ஜெயிக்காதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அறுநூற்றுப் பதினோரு பந்தயம் ஜெயித்தவர். ஆனால் அவை பெரும்பாலும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு, ஜனங்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஓடுகிற பந்தயங்கள். ஜெயித்தவர் யார் என்று சாயங்காலம் கேட்டால் குதிரைக்கே ஞாபகம் இருக்காது. கணக்கில் வருகிற பந்தயம் ஒன்றுதான். பந்தயப் பருவத்தின் கடைசி நாள், கடைசிப் பந்தயம், பெரிய கோப்பை. அதை ஜெயிக்கிற ஜாக்கியின் பெயரை ஜாக்கிகள் உடை மாற்றும் அறையில் ஒரு தேக்குப் பலகையில் தங்க நிறத்தில் எழுதுவார்கள். அந்தப் பலகை, விதி செய்த சதியாக, கொக்கு சட்டை மாட்டும் ஆணிக்கு நேர் எதிரே இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் பூட்ஸ் மாட்டுகிறார். பலகையில் எந்த எழுத்தில் எந்த வருடம் பெயின்ட் வழிந்தது என்பது வரை சொல்லுவார்.

பெரிய கோப்பையில் ஐந்து தடவை இரண்டாவதாக வந்திருக்கிறார். ஒரு வருடம் குதிரை முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரோ சிவப்புக் குடையை விரிக்க, அதை நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அதற்குத் தோன்றிவிட்டது. இன்னொரு வருடம் குதிரையின் மூக்கு நுனி அளவு வித்தியாசத்தில் போயிற்று. மற்ற மூன்றையும் பற்றி அவர் பேச மாட்டார். அந்தப் பலகையில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்த பெயர் வேறு யாருடையதும் அல்ல, அவருடைய மச்சினனுடையது. மனைவியின் கடைசித் தம்பி. இவர்தான் முதன்முதலில் அவனைக் குதிரை மேல் தூக்கி உட்காரவைத்தவர். “மாமா, எறக்கி விடுங்க மாமா” என்று அன்றைக்கு அவன் அழுத அழுகை இன்றைக்கும் இவர் காதில் கேட்கிறது. இறக்கி விட்டிருக்கலாம்.

இந்த வருடத்தோடு கொக்கின் லைசென்ஸ் முடிகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், “இது முட்டியா, உடைஞ்ச பானையா?” என்று கேட்டு, பருவம் முடியும் வரை மட்டும் கையெழுத்துப் போட்டார். ஆக, பலகையில் பெயர் ஏற இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. நல்லவேளையாக, சவாரிக்குக் கிடைத்த ஆறு வயதுச் சிவலைக் குதிரை குடை, கொடி, பெண் குதிரை எதையும் ஏறெடுத்துப் பார்க்காத சாமியார்.

சிவலைக்கு விதித்த சுமை ஐம்பத்தைந்து கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடை இருக்க வேண்டும். கூடினால் குதிரைக்குப் பாரம். குறைந்தால், குறைகிற அளவுக்கு ஈயத் துண்டுகளைத் தோல் பையில் போட்டுச் சேணத்துக்கு அடியில் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கு முன் ஒரு தடவை எடை, ஓடி முடித்ததும் மறுபடி எடை. இரண்டாவது தடவை குறைந்தால், வானத்தையே தாண்டி வந்திருந்தாலும் வெற்றி செல்லாது.

கொக்குக்கு எப்போதும் கூடுகிற கவலைதான். ஆகவே ஆறு வாரம் முன்னதாகவே ஆரம்பித்தார். முட்டை இரண்டு ஒன்றாயிற்று. அரை டம்ளர் காபி கால் டம்ளராயிற்று. உச்சி வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். தெருவில் போனவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வெந்நீர்த் தொட்டியில் மூக்கு மட்டும் வெளியே தெரிய இரண்டு மணி நேரம் கிடந்தார்.

“போதுங்க. இனிமே கொறைக்கறதுக்கு எலும்புதான் இருக்கு” என்றார் மனைவி.

போதும் என்கிற சொல்லை ஒரு ஜாக்கியின் காது வாங்காது. பந்தய நாளன்று சேணத்தோடு தராசில் ஏறினார். முள் ஐம்பத்து நாலில் நின்றது. தராசு அதிகாரி, பிறந்தபோதும் சிரிக்காத மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஒரு கிலோ ஈயம் வேணும். உங்களுக்கா? இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லையே.”

அரைக் கிலோத் துண்டுகள் இரண்டு வந்தன. தோல் பையில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டார். எடை சரியாக ஐம்பத்தைந்து. அவர் தொழில் வாழ்க்கையிலேயே பெருமையான நிமிடம் அதுதான். ‘ஒல்லியானவர்களுக்குத்தான் ஈயம்’ என்று ஆயுள் முழுக்கப் பொறாமைப்பட்டவர், அன்றைக்கு ஈயம் கட்டுகிற ஜாதியில் சேர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மச்சினன் எட்டிப் பார்த்தான்.

“மாமா, பை வாரு புது மாதிரி. ரெண்டு சுத்து சுத்தி உள்ள விடணும். நான் கட்டித் தரட்டா?”

“உனக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே நான் வாரு கட்டினவன்டா. போ, உன் வேலையப் பாரு.”

ஒரே சுற்றுச் சுற்றிச் செருகினார்.

பந்தயம் இரண்டாயிரத்து நானூறு மீட்டர். முதல் பாதியில் கொக்கு ஆறாவதாக வந்துகொண்டிருந்தார். கடைசி வளைவில் உள்பக்க வேலியோரம் ஒரு குதிரை நுழையும் அளவுக்கு வழி திறந்தது. நுழைந்தார். நேர்ப் பாதையில் முன்னால் மச்சினனின் முதுகு மட்டும்தான். அந்த முதுகை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வருடம் பார்த்திருக்கிறார்! சிவலை கழுத்தை நீட்டியது. எல்லைக் கம்பத்தைக் கடந்தபோது இரண்டு குதிரைகளின் மூக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தன. புகைப்படம் பார்த்துச் சொன்னார்கள்: சிவலை, மூக்கு நுனியில்.

மூக்கு நுனியில் தோற்பது எப்படி என்று கொக்குக்குத் தெரியும். ஜெயிப்பது இதுதான் முதல் தடவை. அழுதுகொண்டே சேணத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு தராசில் ஏறினார். முள் ஐம்பத்து நாலில் நின்றது.

“காலைக் கீழ வைங்க” என்றார் தராசு அதிகாரி.

“கால் கீழதான் சார் இருக்கு!”

“ரெண்டும்?”

“ரெண்டும்!”

குனிந்து பார்த்தார்கள். ரெண்டும் கீழேதான் இருந்தன. பையைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வார் அவிழ்ந்து, வெயிலில் ஓடிய நாய் மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே காற்று.

“சார், முப்பத்திரண்டு வருஷமா எடை கூடிடுச்சு, எடை கூடிடுச்சுன்னு என் உசுர வாங்கினீங்க. இன்னிக்கு ஒரே ஒரு நாள் கொறைஞ்சுபோச்சு. இதுவும் தப்பா?”

“விதி எண் பதினாலு” என்றார் அதிகாரி. ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது.

கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டார்கள். சிவலை செல்லாது. கோப்பை மச்சினனுக்கு. மூன்றாவது முறை.

உடை மாற்றும் அறையில் மச்சினன் வந்து எதிரே நின்றான்.

“மாமா, சத்தியமா எனக்கு இப்படி ஜெயிக்க இஷ்டமில்ல.”

“அப்ப வேண்டாம்னு சொல்லிடு.”

“அது... குதிரை முதலாளி ஒத்துக்க மாட்டாரு மாமா.” கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகினான். வாய் சும்மா இருக்கவில்லை. “கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒரு கிலோ இல்லாம ஓட்டினா, மூக்கு நுனி என்ன, முழுக் குதிரை நீளமே முந்தலாம். நியாயத்தையும் பாக்கணுமில்ல?”

ஆறு வாரப் பட்டினியைவிட அந்த ஒரு வார்த்தை கொக்கை அதிகமாகக் குடைந்தது. கோப்பை போனது ஒரு பக்கம். ஆனால் ஜெயித்தாரா, இல்லையா? ஈயம் கம்பத்துக்கு முன்னால் விழுந்திருந்தால், மச்சினன் சொல்வது சரி. பாரம் குறைந்த குதிரைதான் ஜெயித்தது. கம்பத்தைத் தாண்டி, குதிரை நிதானத்துக்கு வரும்போது விழுந்திருந்தால், பலகை என்ன சொன்னாலும் ஜெயித்தவர் அவர்தான்.

“ஏங்க, எங்க போறீங்க?” என்று வெளியே காத்திருந்த மனைவி கேட்டார்.

“ஈயம் பொறுக்க.”

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. புல்தரையில் குளம்பு தோண்டிய பள்ளங்களை நீளக் கம்பியால் குத்தி மூடிக்கொண்டு நாலைந்து பேர் ஓடுபாதையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஆயுள் முழுக்கப் பறந்த பாதையில் கொக்கு உடைந்த முட்டியோடு நடந்தார். குனிந்து, புல்லை விலக்கி விலக்கி, கம்பத்துக்கு அப்பால் அறுபதாவது அடியில் அது கிடைத்தது. சாம்பல் நிறத்தில், சோப்புக்கட்டி அளவில், அரைக் கிலோ.

“டேய் மாப்ளே! வாடா இங்க! பாருடா! கம்பத்தைத் தாண்டி அறுபது அடி!”

வேலிக்கு வெளியே நின்ற மச்சினன் குனிந்து உள்ளே வந்தான். பின்னாலேயே மனைவியும், வேலி கொஞ்சம் முனக, வந்து சேர்ந்தார்.

“ஒண்ணுதானே மாமா இருக்கு?”

“இன்னொண்ணும் பக்கத்துலதான் கெடக்கும். ஒரே பை, ஒரே வாரு, ஒரே நேரத்துலதானே அவுந்திருக்கும்?”

மூவரும் தேடினார்கள். அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். இல்லை. கொக்கு வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஆனால் கம்பத்துக்கு முந்தைய பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டார். அதை மனைவி கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அவர் ஒன்றும் சொல்லாமலிருந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது புல்தரை ஆட்களில் ஒருவர், தோளில் கம்பியோடு அவர்களை நோக்கி வந்தார். பாதையை முழுச் சுற்றும் சுற்றி முடித்தவர். மடித்துக் கட்டிய துணிக்குள்ளிருந்து எதையோ எடுத்தார்.

“சார், இதுவா தேடறீங்க?”

இரண்டாவது அரைக் கிலோ.

“பள்ளம் மூடும்போது கம்பியில தட்டுச்சு சார். இது எங்க கெடந்துச்சுன்னா...”

“வேண்டாம்!” என்று கத்தினார் கொக்கு. மைதானத்தில் மிச்சமிருந்த காக்கைகள் எழும்பின. “எங்கேன்னு சொல்லாதீங்க.”

“சொல்லுங்கண்ணே, எங்க?” என்றான் மச்சினன்.

“அவன்கிட்டயும் சொல்லாதீங்க!”

“என்கிட்டயாவது சொல்லட்டுமே” என்றார் மனைவி.

“உன்கிட்டயா? நீ தூக்கத்துல ஊரையே எழுப்பிச் சொல்லுவே.”

ஈயத்தைப் பிடுங்கிக்கொண்டு, வாசலைப் பார்த்து நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தார். புல்தரைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லது செய்ய வந்த மனிதர் அவர். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கி அவருக்குப் பழக்கமில்லை. கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“சார், நில்லுங்க சார். ஒரே வார்த்தை சார்.”

“காது கேக்கல.”

“உங்களுக்கு நல்ல சேதியாக்கூட இருக்கலாமில்ல சார்?”

கொக்கு ஒரு கணம் நின்றார். திரும்பவில்லை. பிறகு, டாக்டர் பார்த்திருந்தால் லைசென்ஸை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கும் வேகத்தில், ஓட்டம் பிடித்தார்.