எதிர்ப்பக்கத்துக் கன்னிமார்

எங்கள் வட்டாரம் தனி மாவட்டமாகிறது, செங்கல்பட்டுதான் அதற்குத் தலைநகரம் என்று அறிவிப்பு வந்த அன்று தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். "இனிமே அளக்க வருவானுங்க பாரு" என்றாள்.

அம்மாவின் சந்தேகம் வீண் சந்தேகமில்லை. அவளைப் பெற்றவர்கள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டே காலம் தள்ளியவர்கள். எங்கள் வம்சத்திலேயே முதல் சொந்த வீடு, நான் மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்து கட்டிய இந்த இரண்டு அறைதான். யாராவது அதன் சுவரை உற்றுப் பார்த்தாலே அவள் வாசலில் வந்து நின்றுகொள்வாள். எனக்கும் அந்தப் பயம்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். டெல்லியோ செங்கல்பட்டோ, ஓர் ஊர் தலைநகரமாவதை மற்றவர்கள் கட்டடங்களை வைத்து மெச்சுகிறார்கள். நான் யார் வாசலில் டேப்பைப் பிடித்தார்கள் என்றுதான் பார்ப்பேன்.

அம்மா சொன்னபடியே வந்தார்கள். புது கலெக்டர் ஆபீசுக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். எங்கள் வீட்டுக்கு எதிரே புறம்போக்கில் இருந்த வேப்பமரத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

"எதிர்ப்பக்கம்தானேம்மா, வுடு" என்றேன்.

"இன்னா வுடறது? இன்னிக்கு மரம், நாளைக்கு நம்ம வூடு. ரோடே வரக்கூடாது."

அதற்கு எங்கள் ஜனங்களிடம் ஒரு வழி உண்டு. வெள்ளிக்கிழமை காலை அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் வேப்பமரத்தடியில் ஏழு செங்கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மரத்தில் மஞ்சள் துணி சுற்றினார்கள். ஏழு கன்னிமார் எழுந்தருளிவிட்டார்கள். சாமி இருக்கும் இடத்தில் எந்த அதிகாரியும் கைவைக்க மாட்டான் என்பது அம்மாவின் கணக்கு. கணக்கு தப்பவில்லை. அதுதான் வினையாகிப்போனது.

மறுபடி வந்த சர்வேயர் செங்கற்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். டேப் பிடித்தவரிடம், "சாமி கீதுப்பா, வம்பு வேணாம். கோட்ட இந்தாண்ட தள்ளு" என்றார். இந்தாண்ட இருந்தது எங்கள் வீடு.

"ஐயா, அது சாமியே இல்ல, நாங்க வெச்ச கல்லு!" என்று அம்மா கத்தினாள்.

"சாமிய அப்டிலாம் பேசாதம்மா" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதரின் காம்பவுண்டு சுவர் இருக்கிறது. கோடு தள்ளிப் போனதில் அதுவும் பிழைத்துக்கொண்டது. சர்வேயர் சாமிக்குப் பயந்தாரா, சுவருக்கா? கேட்டால் யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முன்னறையை இடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் அறையில்தான் இருக்கிறோம், வாசலைத் தாண்டினால் ரோடு. நேற்று ஆபீஸ் ஜீப் ஒன்று வந்தது. எங்கள் வீட்டு முன்னால் டிரைவர் பிரேக் போட்டார். தலையை எதிர்ப்பக்கம் திருப்பி, செங்கற்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நம்ம வூட்டுக்கு ஒருத்தனாவது இப்டி நின்னானா?" என்றாள்.