மூன்று பங்கு சிவப்பு

சேலத்தில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் பொழுது சாயும்வரை என் கண்ணில் படுவது கறுப்பு, வெள்ளை, நடுவில் விதவிதமான சாம்பல். எவ்வளவு அழகான பட்டுச்சேலை உடுத்தி வந்தாலும் என் திரையில் எல்லாரும் விலா எலும்புதான். அதனாலோ என்னவோ, வெளியே வந்ததும் என் கண் நிறத்துக்கு அலையும். பூக்கடை, சாயப்பட்டறை நூல், பஸ்ஸுக்குள் எதிர் சீட்டுக் குழந்தையின் ரிப்பன், எதையும் விடமாட்டேன்.

எங்கள் வீட்டுச் சமையலறை கிளிப்பச்சை. வெளிக்கேட் மாம்பழ மஞ்சள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனால் சொந்தக்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள்; நான் கைகாட்டும் புடவையைக் கட்டினால் மாப்பிள்ளை மேடையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும் என்று ஒரு பேச்சு.

நாற்பத்தாறு வயதில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர். ஆனால் எல்லா நிறத்திலும் கொஞ்சம் சாம்பல் கலந்து அடக்கி வைக்க வேண்டும், அதுதான் முதிர்ச்சி என்றார். எனக்கு வாரத்தில் ஆறு நாள் சம்பளத்தோடு சாம்பல் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாதம் நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் என்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்து எங்காவது கூட்டிப்போவார். அவர் லாரி உதிரிபாகக் கடையில் மேனேஜர். ஓவியத்தில் அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. மரத்தடி இருக்க வேண்டும், கொறிக்க ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் நாங்கள் எந்தத் திசையில் கிளம்பினாலும் வண்டி எப்படியோ ஆட்டையாம்பட்டிக்குப் போய், கைமுறுக்குக் கடை முன்னால்தான் மூச்சு வாங்கும்.

ஒரு தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிறு. முறுக்கு வாங்கிக்கொண்டு ஒரு கிளைச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வளைவு திரும்பியதும் நான் போட்ட சத்தத்தில், நாய் குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்து அவர் பிரேக் அடித்தார். நாயெல்லாம் இல்லை. சாலையோரம் ஒரு தோட்டம் முழுக்கக் கோழிக்கொண்டைப் பூ. மடிப்பு மடிப்பாக, வெல்வெட்டுத் துணியைக் கசக்கிச் செடிமேல் வைத்ததுபோல, சிவப்பு என்றும் சொல்ல முடியாத, ஊதா என்றும் சொல்ல முடியாத ஒரு நிறம். அதை ஒட்டியே இன்னொரு தோட்டம், அது முழுக்க மஞ்சள் செவந்தி. நடுவில் ஒரே ஒரு வரப்பு. இரண்டு நிறமும் அந்த வரப்பில் மோதி நின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் சாலையோரம் இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

நான் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து கேன்வாஸை மாட்டினேன். பிரஷ்ஷை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தேன். நேரில் இரண்டு தோட்டமும் பாதிக்குப் பாதி. அப்படியே வரைந்தால் கொடியில் இரண்டு சேலை காயப்போட்டதுபோல இருக்கும். ஒன்று ஓங்கி நிற்க வேண்டும். அதனால் வரப்பை மஞ்சள் பக்கமாக நன்றாகத் தள்ளி ஒரு கோடு போட்டேன். நோட்டிலும் குறித்துக்கொண்டேன்: சிவப்பு மூன்று பங்கு, மஞ்சள் ஒரு பங்கு.

கோழிக்கொண்டைக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் களைக்கொத்து.

“ஏனுங்க அம்மணி, எந்த ஆபீசுங்க?”

படம் வரைகிறேன் என்றேன். அவர் ஸ்டாண்டின் மூன்று காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் இதேபோல ஸ்டாண்டு வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர்கள், ரோட்டை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிணற்று மேட்டில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்களாம். கேன்வாஸில் அப்போது இருந்தது ஒரே ஒரு கோடு. இதுவா படம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரரிடம் திரும்பி, இவங்க யாருங்க என்றார். அவர் வாயில் ஒரு முழு முறுக்கு இருந்ததால், கையை மேலும் கீழும் ஆட்டி ஏதோ சொன்னார். அது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

பிறகு பெரியவரின் பார்வை என் நோட்டில் விழுந்தது. வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். முகம் மெல்ல விரிந்தது.

“சிவப்புங்கறது இந்தத் தோட்டந்தானுங்களே?”

ஆமாம் என்றேன்.

“மூணு பங்குங்களா?”

அப்போதுதான் நன்றாக இருக்கும் என்றேன். அவர் அதை முழுமனதோடு ஒப்புக்கொண்டார். வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவருடைய மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்தார். கலையை இவ்வளவு மதிக்கும் ஒரு விவசாயியை நான் பார்த்ததே இல்லை. நெஞ்சு நிறைந்து, வண்ணக் குழாயைப் பிதுக்கிச் சிவப்பைக் கெட்டியாக அப்பிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் சொர்க்கத்தில் இருந்தேன்.

அப்போது ஒரு பைக் வேகமாக வந்து செவந்தித் தோட்டத்துப் பக்கம் நின்றது. இறங்கியவர் அப்படியே பெரியவர், பத்து வயது குறைவு, அவ்வளவுதான். அதே மூக்கு, அதே முழங்கை. கையில் பிளாஸ்டிக் கவருக்குள் பட்டா நகல். எவளோ ஒரு அம்மா மிஷினை வைத்து அளக்கிறாள், உன் அண்ணனுக்கு மூணு பங்காம், அவர் மோர் கொடுத்து உபசரிக்கிறார் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.

கூடப்பிறந்த அண்ணன் தம்பி. பாகம் பிரித்தபோது அந்த வரப்பு யாருடையது என்று தகராறு வந்து, எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தண்ணி விடுவது, கரண்ட் போவது, மாமன் செத்துப்போனது எல்லாம் பெரியவர் மனைவி வழியாகத்தான் போய்வரும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், ஒருவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என் படத்தைக் குற்றப்பத்திரிகை மாதிரிப் பார்க்கிறார் என்பதுதான்.

“மூணு பங்குன்னு எந்த ஆபீசருங்க சொன்னது?”

யாரும் சொல்லவில்லை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நானே போட்டேன் என்றேன்.

“அழகா இருக்கோணும்னு என்ற நெலத்தை எடுத்து அவருக்கு எழுதிக் குடுத்துப்போடுவீங்களா?”

என் வீட்டுக்காரர் வாயிலிருந்த இன்னொரு முறுக்கை விழுங்கிவிட்டு உதவிக்கு வந்தார். பொறுமையாக, கடையில் பில் தகராறைத் தீர்ப்பது மாதிரி சொன்னார்: “இது சும்மா படமுங்க. எங்கயும் செல்லாதுங்க.”

தம்பிக்கு அது கொஞ்சம் ஆறுதல் தந்தது. எனக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக மனதில் வைத்திருந்ததை ஆள் சமயம் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

செல்லாவிட்டால் மாற்றி வரைவதில் என்ன நஷ்டம் என்று தம்பி கேட்டார். வரைந்தது வரைந்ததுதான், அம்மணி நேரில் பார்த்துத்தான் போட்டிருக்காங்க என்று அண்ணன் சொன்னார். இரண்டையும் இருவரும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். நடுவில் நான், கையில் பிரஷ். வரப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் படமே கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சேலத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். நகர்த்தினேன்.

ஒரு விரல் அகலம் நகர்த்தினதும் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். நிறுத்தினேன். இன்னும் இரண்டு விரக்கடை வேண்டும் என்றார் தம்பி. நகர்த்தினேன். காயாத சிவப்பின்மேல் மஞ்சளைப் பூசப் பூச, நடுவில் குழம்பிப்போய் ஆரஞ்சில் ஒரு பட்டை உண்டாகிவிட்டது. மேட்டூர்க் கால்வாய் மாதிரி மேலிருந்து கீழ்வரை ஓடியது.

தம்பி அதைக் குனிந்து பார்த்தார். “இது யாருதுங்க?”

அண்ணனும் அதைத்தான் கேட்க வாயெடுத்திருந்தார். அது யாருடையதும் இல்லை, தவறுதலாக வந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். யாருடையதும் இல்லாத நிலம் என்று ஒன்று கிடையாது என்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பேச்சை மாற்றுவதற்காக, நிறம் சரியாக இருக்கிறதா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் பூவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். சொல்லக் கூடாதுதான், ஆனால் நிறம் சரியில்லை, பூ அரக்கு நிறம், நீங்கள் என்னவோ மிட்டாய்க் கலரில் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

“அரக்குங்களா? நல்ல வாடாமல்லிக் கலருங்க அது” என்றார் தம்பி, என்னிடம்.

“உன்ற கண்ணுக்கு வாடாமல்லி” என்றார் அண்ணன். இந்தமுறை என்னிடம் இல்லை. “காலையில வந்து பாரு, அரக்குதான்.”

“காலையில நான் பாக்கறதில்லையா? வரப்புக்கு இக்கட்ட நின்னுட்டுத் தெனமும் அதத்தான பாக்கறேன்.”

சொம்பைத் திரும்ப எடுக்க வந்த பெரியவர் மனைவி, குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் அடுத்த முறுக்கை உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. தம்பி பட்டாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அந்த அம்மாதான் அந்த இறுக்கத்தை உடைத்தார். தோட்டத்துக்குள் போய் ஒரு கொண்டையைக் கிள்ளிவந்து, அனுமதி கேட்காமல் என் கேன்வாஸ் மேல் வைத்துப் பிடித்தார். “இப்பப் பாருங்க.”

மூன்று பேரும் தலையை நீட்டிப் பார்த்தோம். வெயில் பட்ட மேல்விளிம்பு வாடாமல்லி. மடிப்புக்குள் அரக்கு. நான் ஒரு மணி நேரமாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த பூ. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து மிட்டாய் செய்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது. இரண்டு நிறத்தையும் தனித்தனியே கலக்கி மடிப்பு மடிப்பாகப் போட ஆரம்பித்தேன். படம் மூச்சுவிட ஆரம்பித்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அதற்குள் அண்ணன் தம்பி இருவரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அதோடு நின்றார்களா என்றால் இல்லை. மோட்டார் ரூமை விட்டுவிட்டீர்களே என்றார் ஒருவர். போட்டேன். கரண்ட் கம்பம் என்றார் இன்னொருவர். அதையும் போட்டேன். தென்னையில் குலை குறைவாக இருப்பதாகப் புகார் வந்தது, சேர்த்தேன். வானத்துக்கு நான் பூசியிருந்த இளஞ்சிவப்பை இருவருமே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டையாம்பட்டியில் அப்படி ஒரு வானம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கிளம்பும்போது இருவரும் படத்தைப் போனில் அனுப்பச் சொன்னார்கள், தனித்தனியாக. செவந்தி ஒரு கவர் நிறைய ஒருவர் கொடுத்தார், கோழிக்கொண்டை ஒரு கட்டு ஒருவர் கொடுத்தார். ஸ்கூட்டரில் வரும்போது நான் கேட்டேன், செல்லாது என்று ஏன் சொன்னீர்கள் என்று. வேறு என்ன சொல்லி உன்னை அங்கிருந்து மீட்பது என்றார். அது பதிலா என்று தெரியவில்லை. வீடு வரும்வரை பூக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வந்து பார்க்கிறவர்கள் மோட்டார் ரூமையும் கம்பத்தையும் பாராட்டுகிறார்கள். பூவை யாரும் குறிப்பிட்டுச் சொல்வதில்லை. ஓவிய வகுப்பு ஆசிரியர் ஒருமுறை வந்தார். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு காபி குடித்தார்.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனோம். இரண்டு தோட்டத்திலும் மரவள்ளி போட்டிருந்தார்கள். வரப்பு எது என்றே தெரியாமல் ஒரே பச்சை. பெரியவர் மனைவி ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து வாங்க அம்மணி என்றார். தயங்கித் தயங்கிக் கேட்டேன், இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று.

“பேசறதெல்லாம் இல்லீங்க. நேராவே சண்டை போட்டுக்கறாங்க” என்றார். தழையை உதறிக் கட்டினார். “எனக்கு வேலை மிச்சம்.”

நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். நான் சாலையோரம் நின்று மரவள்ளியைப் பார்த்தேன். தூரத்திலிருந்து பச்சையாகத் தெரிந்த செடி, கிட்டே போனால் ஒவ்வொரு இலைக்காம்பும் சிவப்பு. ரத்தச் சிவப்பில்லை, குங்குமச் சிவப்பில்லை. பெயர் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் வண்டியிலிருந்து ஸ்டாண்டை எடுக்கச் சொன்னேன்.