விஜயலட்சுமியின் வலது கால்

கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் விஜயலட்சுமி. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே சேர்ந்துவிட்டாள். கணவன் வெங்கடேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை அவள் நிற்க வேண்டும். சேலையை விரித்து, தோளில் போட்டுக் காட்டி, மடித்து, அடுத்ததை விரிக்க வேண்டும். வாயும் கையும் ஓயாது. கால்தான் நின்ற இடத்தை விட்டு நகராது. அதுவே வினையாகிப் போனது.

இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு வலது கெண்டைக்காலில் பச்சையாக ஒரு நரம்பு புடைத்தது. வருடத்துக்கு வருடம் தடித்து, மண்புழுவாக நெளிந்து தொடைவரை ஏறியது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரித்தது. சாயங்காலமானால் கால் கல்லாகக் கனக்கும். வெளியே தெரியாமல் சேலைக்கட்டு மறைத்துக்கொண்டது.

துண்டுப் பிரிவில் இருக்கும் ராணியம்மாளுக்கும் இதே கோளாறுதான். பல வருடத்துக்கு முன்னால் காலைக் கிழித்து நரம்பை உருவி எடுத்தார்கள். ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாள். "கத்தி மட்டும் வெச்சிக்காதடி. நின்னுக்கினே இருக்கிற பொழப்பு நம்முளுது. மறுபடியும் வரத்தான் வரும்" என்று அவள் சொன்னதை விஜயலட்சுமி அப்படியே மனசில் வாங்கிக்கொண்டாள். டாக்டர் பக்கமே போகவில்லை.

தை மாதத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் சேலை எடுக்க வந்தது. மணப்பெண் சங்கவி மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவளுடைய அம்மா பாவாயி அரக்கு நிறத்தில் கேட்டாள், பெண் பச்சையைக் கேட்டாள். மேல்தட்டில் இருந்த பட்டுச்சேலைக் கட்டு ஒன்றை எடுக்க விஜயலட்சுமி எக்கினாள். கணுக்கால் அலமாரியின் முனையில் லேசாக உரசியது. பாதத்தில் ஏதோ வெதுவெதுப்பாக ஓடவே, யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று குனிந்து பார்த்தாள். வெள்ளைத் தரையில் ரத்தம். புடைத்த நரம்பிலிருந்து நூல் மாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் பகலவன் ஓடிவந்து, கைக்குட்டையை உருவி முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டப் பார்த்தார்.

"கட்டாதீங்கண்ணே! மொதல்ல படுக்க வைங்க" என்றாள் சங்கவி.

படுக்க வைத்து, சேலைப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. பாவாயிக்கு முகமே மாறிவிட்டது.

"முகூர்த்தப் பொடவ எடுக்க வந்த எடத்துல ரத்தத்தப் பாக்கணுமா? எழுந்து வா, வேற கடைக்குப் போலாம்."

சங்கவி கையைத் துடைத்துக்கொண்டே விஜயலட்சுமியிடம் சொன்னாள். "நரம்பு ஒடஞ்சி வந்த ரத்தம்க்கா இது. இன்னிக்கி நின்னுச்சி, இன்னொரு நாள் வூட்ல தனியா இருக்கும்போது வந்தா? ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க. இப்பல்லாம் கிழிக்கிறது கெடையாது, ஊசி போடற அளவு ஓட்டதான்."

அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போன வியாபாரத்தை நினைத்துப் பகலவன் சாயங்காலம்வரை முணுமுணுத்தார். ஆனாலும் விஜயலட்சுமியை வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பியதும் அவர்தான்.

வெங்கடேசன் நாலு நாளாகச் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். "நரம்பக் கோந்து வெச்சி ஒட்டிடறாங்களாம் விஜி. அப்பறம் கால இறுக்கற சாக்ஸ்கூடப் போட வாணாமாம்."

"ஒட்டறதுக்கு இது இன்னா பிஞ்சிபோன செருப்பா?" என்றாள் அவள்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் ஜெயப்பிரகாஷ் அவளை நிற்கவைத்தே ஸ்கேன் எடுத்தார். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறணும், திரும்பி இறங்காமல் இருக்க நரம்புக்குள்ளே கதவு மாதிரி வால்வு இருக்கிறது, தொடையில் இருக்கும் பெரிய நரம்பில் அது பழுதாகிவிட்டது என்றார். அந்த நரம்பை மூடிவிட்டால் ரத்தம் உள்ளே இருக்கும் நல்ல நரம்பு வழியாகப் போய்க்கொள்ளும், மூடுவதற்குப் பல வழி இருக்கிறது என்றார்.

காலமெல்லாம் அடுத்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவள் அவள். சாயம் போகுமா, ஜரிகை கறுக்குமா, எத்தனை வருஷம் வரும் என்று கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். இப்போது தானே கேட்டாள்.

"எது சார் ரொம்ப நாள் நிக்கும்?"

"லேசர், ரேடியோ அலை, ரெண்டுமே உள்ள சூடு குடுத்து நரம்ப மூடறதுதான். வருஷக்கணக்குல பாத்தா பலன் கிட்டத்தட்ட ஒண்ணு. மொத வாரம் வலி ரேடியோ அலைல கொஞ்சம் கம்மின்னு சொல்லுவாங்க. புது லேசர்ல அந்த வித்தியாசமும் கொறஞ்சிடுச்சு. ரெண்டுக்கும் தொடை நெடுக மரத்துப்போற ஊசி போடணும்."

"கோந்து?" என்று வெங்கடேசன் முந்திக்கொண்டான்.

"அதுல சூடு இல்ல, ஊசியும் கம்மி. நல்லாவே மூடும். ஆனா கோந்து உள்ளயே தங்கிடும், சிலருக்கு ஒத்துக்காது. நுரை மருந்துன்னு இன்னொண்ணு இருக்கு, வெறும் ஊசிதான். உங்களுக்குப் பெரிய நரம்பு ரொம்ப அகலம். நுரைய மட்டும் நம்பினா மறுபடி தொறந்துக்கலாம். கீழ நெளிஞ்சிருக்கிற கிளைக்கு அது சரியா வரும்." பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "பிளாஸ்திரி, பசை எதாவது அலர்ஜி உண்டாம்மா?"

"ஸ்டிக்கர் பொட்டு வெச்சா நெத்தி புண்ணாயிடும் சார். அதான் குங்குமம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதே பசை இல்ல இது. இருந்தாலும் உங்களுக்குக் கோந்து வேணாம்."

வெங்கடேசன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அங்கே லேசர்தான் இருந்தது. ரேடியோ அலை வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கு எழுதித் தருவதாக டாக்டர் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். "வலி கம்மின்னா அங்கியே போலாமே" என்றான் அவன். "ஒரு தபா போனா முடியற சோலியா? திரும்பத் திரும்ப வந்து காட்டணும். இங்கன்னா பஸ் ஏறி நானே வந்துடுவேன்" என்றாள் அவள். பெரிய நரம்புக்கு லேசர், கணுக்கால் கிளைகளுக்கு நுரை என்று முடிவானது.

லேசரைவிட மரத்துப்போகும் ஊசிகள்தான் வலித்தன. நடுவில் மூக்கில் ஏதோ கருகின வாடை வந்தமாதிரி இருந்தது. முடிந்ததும் தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸை மாட்டிவிட்டு நடக்கச் சொன்னார்கள். அன்றைக்கே பஸ்ஸில் ஊர் திரும்பினாள். சில நாள் கழித்துத் தொடைக்குள் கயிற்றைக் கட்டி இழுப்பதுபோல இருந்தது. பயந்து போன் செய்தாள். மூடின நரம்பு சுருங்கும்போது அப்படித்தான் இருக்கும், நடந்துகொண்டே இருங்கள் என்றார்கள். மாசி வெயிலில் அந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு திரிந்ததுதான் அவளுக்குப் பெரிய தண்டனை.

அடுத்த ஸ்கேனில் பெரிய நரம்பு மூடியிருந்தது. ஒரு கிளை மட்டும் விட்டுப்போயிருந்தது. அதற்கு இன்னொரு முறை நுரை ஊசி போட்டார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று ராணியம்மாள் வந்து அவள் காலைத் திருப்பித் திருப்பித் தழும்பைத் தேடினாள். கடுகளவு ஒரு புள்ளிதான் இருந்தது. "இதுக்கா இத்தினி வருசம் உன்ன பயமுறுத்துனேன்" என்றாள்.

பகலவனிடம் விஜயலட்சுமி நேராகவே கேட்டுவிட்டாள். "ஆள் இல்லாதப்ப உக்காந்துக்கறேன் சார். ஆள் வந்தா எழுந்துக்கறேன்." அவர் முதலாளியைக் கேட்கணும் என்றார். ஆனால் மறுநாளே கல்லாவுக்குப் பின்னாலிருந்த நாற்காலி ஒன்று மாடிக்கு வந்தது.

சாயங்காலக் கனம் போய்விட்டது. அரிப்பும் இல்லை. தோலின் கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அது முழுசாகப் போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது இடது காலில் முழங்காலுக்குப் பின்னால் ஒரு நரம்பு பச்சையாகத் தெரிகிறது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும் அதற்கும் ஸ்கேன் எடுத்துவிடுவதாக வெங்கடேசனிடம் சொல்லியிருக்கிறாள்.