ஒரே மருந்து, இரண்டு முறை

இரண்டு நாள் ஏற்காட்டில் தங்கலாம் என்று கைலாசபுரத்திலிருந்து காரில் கிளம்பினோம். மலைப்பாதையில் வாந்தி வராமலிருக்க டாக்டர் எழுதித் தந்த மருந்தை, மூன்று வயது மகள் யாழினிக்குப் புறப்படும்போதே கொடுத்தேன்.

குணசீலம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். எவ்வளவு எழுப்பியும் அவள் கண் திறக்கவில்லை. தூக்கினால் தலை தொங்கியது. பதறிப்போய், வந்த வழியே எங்கள் ஊருக்குத் திரும்பி, தில்லை நகர் மருத்துவமனைக்குப் போனோம்.

“குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?” என்றார் டாக்டர். சொன்னேன்.

என் கணவரின் முகம் வெளிறியது. “நீ குளிக்கப் போனப்ப நானும் அந்த மருந்தைக் கொடுத்தேனே!”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லையே.

மாலையில், “ஏற்காடு வந்துடுச்சாம்மா?” என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது மருந்து கொடுப்பது நான் மட்டும்தான். கொடுத்த நேரத்தைப் பாட்டில் மேலேயே எழுதி, அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.