பள்ளிக்கூடத்துச் சொல்

எங்கள் கோழிக்கூட்டின் கதவு ஒரு பழைய பிஸ்கட் டின். கடைகளில் கண்ணாடி மூடியோடு இருக்குமே, அந்தச் சதுர டின்னைப் பிரித்துத் தட்டி நிமிர்த்திய தகடு. அதில் நான்கு எழுத்துகள் ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கின்றன. தலைகீழாக அடித்திருப்பதால் வருகிறவர்கள் ஏதோ பூ வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் காலை வெயில் அதன் வழியே உள்ளே போய்க் கோழிகளின் முதுகில் விழும். இப்போது விழுவதில்லை, ஓட்டைகள் அடைபட்டுவிட்டன. துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பலகை அடிக்கலாமே என்று என் வீட்டுக்காரர் மழைக்காலம் வந்தால் சொல்வார். தொட்டுத்தான் பாருங்களேன் என்று நான் சொல்வேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்தத் தகடு என் அக்காவுடையது. ருவான்வெல்லைக்குப் பக்கத்து றப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்தில், ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். அக்கா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, ஆனால் லயம் முழுக்க அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிடும். அவளுக்கு அது போதும். சிங்களமும் அவளுக்குத் தமிழ் மாதிரியே வரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மணியை அடிப்பதும் அவள்தான். நாளைக்கு லீவு என்று அவள் சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் ‘விடுதல, விடுதல’ என்று கத்திக்கொண்டு றப்பர் மரங்களுக்கு நடுவே ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட லீவுக்கு அதுதான் பெயர். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து சிரித்தபடி நிற்பாள். அந்தச் சிரிப்பை நான் ரொம்பக் காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதியில், மாகாண சபைத் தேர்தலுக்கு முன்னால், ஒரு சிங்களப் பெரியவர் அவளைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் றப்பர் காணி வைத்திருந்தவர். தலைவர் ஐயா என்கிற அர்த்தத்தில் நாங்கள் அவரைத் ‘தலைவர் மாத்தயா’ என்போம். மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்யத் தன் வளவில் இருந்த பலா மரத்தைத் தறித்தாராம். அனுமதி எடுக்கவில்லை என்று வழக்குப் போட்டு, தண்டம் கட்ட வைத்தார்கள். ‘மகே கஹ, மகே இடம’ என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். என் மரம், என் நிலம், வெட்டச் சொல்ல இவன் யார், வெட்டாதே என்று சொல்லத்தான் இவன் யார். அந்தக் கோபத்தில் ஆரம்பித்த கட்சி அது. மனிதனை அவன் பாட்டில் விடு, அரசாங்கம் கையைச் சுருக்கிக்கொள் என்பதுதான் மொத்தக் கொள்கையும். சப்ரகமுவ மாகாணத்துக்கு வெளியே அதை யாருக்கும் தெரியாது, உள்ளேயும் அதிகம் பேருக்குத் தெரியாது. கட்சி என்று பதிவு கிடைக்காமல் சுயேச்சைக் குழுவாகத்தான் நின்றார்கள். சின்னமாகக் கிடைத்தது பூட்டு. விடு, விடு என்று கத்துகிற ஆட்களுக்குப் பூட்டைக் கொடுத்திருக்கிறார்களே என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மொழிபெயர்க்கத்தான் முதலில் கூப்பிட்டார். போகப் போக அக்காவே அந்தப் பேச்சில் விழுந்துவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அப்பா ஒரு ஆயுசு முழுக்க றப்பர் பால் வெட்டியவர். அவர் குடியிருந்த காம்பராவின் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடத் தோட்டத்து ஆபிசில் கேட்க வேண்டும். ஒரு தடவை மழைக்கு ஒதுங்கிச் சமைக்கப் பின்பக்கம் நாலு தடியை நட்டுத் தகரம் போட்டார். காவல்காரரை விட்டுப் பிடுங்கி எறிந்தார்கள். அப்பா அந்தத் தடிகளைப் பொறுக்கி விறகாக்கினார். அக்கா அதை மறக்கவேயில்லை. லயத்துக் காம்பராவும் வாசலும் அதில் இருக்கிறவனுக்கே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும் என்று தலைவர் மாத்தயா சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. கேட்காமல் சம்பளத்தில் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கக்கூடாது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்பதைத் தாய் தகப்பன் முடிவு செய்ய வேண்டும், சபைக்கு வந்தால் வாகனமும் சலுகையும் வாங்க மாட்டோம் என்று வரிசையாகச் சொல்வார். எல்லாவற்றுக்கும் முதலாக வைத்தது ஒன்று: நீதவான் முன்னால் நிறுத்தாமல் எந்த மனிதரையும் அடைத்து வைக்கக்கூடாது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சிங்களவர் அப்படி மேடையில் சொன்னதை நான் நேரில் கேட்டேன். அப்போது அவர்மேல் எனக்கும் மரியாதை வந்தது.

அக்கா வேட்பாளர் ஆனாள். லயத்தில் அது ஒரே கேலிக்கூத்து. மற்றக் கட்சிக்காரர்கள் கூரைத் தகரமும் கதிரையும் கொண்டுவந்தார்கள், இவள் வெறுங்கையோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினாள்.

“டீச்சர், நீங்க என்ன குடுப்பீங்க?” என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்.

“நாங்க ஒண்ணும் தர மாட்டோங்க. ஒங்ககிட்ட இருந்து எடுத்தத விட்டுடுங்கன்னு சொல்றோம், அவ்வளவுதான்.”

“அடி ஆத்தே, ஒண்ணும் தர மாட்டோம்னு ஓட்டுக் கேக்குற மொத ஆளு நீதான்டி” என்று அம்மாவே தலையில் அடித்துக்கொண்டாள்.

நோட்டீஸ் அடிக்க வேண்டி வந்தபோதுதான் அந்தச் சொல் வந்தது. மேலே சிங்களத்தில் ‘ஹெமோடம நிதஹஸ’ என்று தலைவர் மாத்தயா எழுதியிருந்தார். எல்லாருக்கும் சுதந்திரம் என்று அர்த்தம். கீழே அதைத் தமிழில் போட வேண்டும். சுதந்திரம் என்று எழுதலாம்தான், ஆனால் அந்தச் சொல் ஒரு பெரிய கட்சியின் பெயரில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு ஓட்டுக் கேட்ட மாதிரி ஆகிவிடும். அக்கா இரண்டு நாள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பள்ளிக்கூடத்து மணியை அடித்துவிட்டு வந்த ஒரு மத்தியானம், செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதினாள்: எல்லோருக்கும் விடுதலை.

அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். வடக்கில் சண்டை பிடித்தவர்களின் முழுப்பெயரில் அந்தச் சொல் இருப்பது பேப்பர் படிக்கிற அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனால் எங்கள் லயத்தில் யார் முழுப்பெயர் சொன்னார்கள்? நாங்கள் ‘புலி’ என்போம், சிங்களவர்கள் ‘கொட்டியா’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். விடுதலை என்றால் எங்களுக்குப் புத்தகப் பையை வீசி எறிகிற நாள். தோட்டத்து ஆபிசில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் இருந்தார். அவர் மட்டும் நோட்டீஸைப் பார்த்துவிட்டு அக்காவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உந்தச் சொல்லை எடுத்துப்போடுங்கோ.”

“பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கத்துறதுதானுங்க ஐயா.”

“ஊரிலை நாங்களும் சின்னனிலை உதைத்தான் கத்தினனாங்கள். இப்ப ஒருத்தரும் அப்பிடிக் கத்திறேல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சிரித்தாள். அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று என்னிடம் சொன்னாள்.

சுவரில் எழுத ருவான்வெல்லைக் கடைத்தெருவில் தகர வேலை செய்கிற ஒரு சிங்களவரிடம் பிஸ்கட் டின்னைக் கொடுத்து, அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் ஓட்டையாக வெட்டித் தரச் சொன்னாள். எழுத்தைப் பார்த்து வெட்டியவருக்கு அது என்ன எழுத்து என்றே தெரியாது, ஆனால் சுத்தமாக வெட்டினார். ஒரே குறை, சுழிக்குள் நிற்க வேண்டிய தகரம் கழன்று விழுந்துவிட்டது. மை பூசினால் சுழியெல்லாம் அப்பிக்கொண்டு நின்றது. அக்கா விரலில் சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொரு சுழிக்கும் நடுவில் பொட்டு வைப்பாள். மை வாளியைப் பிடித்துக்கொண்டு நான் கூடப் போவேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறகு அனுபவித்ததேயில்லை.

வரக்காப்பொலையில் கூட்டம் என்று நோட்டீஸ் கட்டோடு பஸ்ஸில் போனாள். கண்டி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து அவளை மட்டும் ஒதுக்கி நிறுத்தினார்கள். பையைக் கொட்டினார்கள். அங்கே காவலுக்கு நின்ற பையன் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் எழுத்துத் தெரியும். வி, டு, த, லை என்று ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தானாம். வாசித்து முடித்ததும் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதே தாளில், அதற்கு மேலேயே, அவர்களுடைய மொழியில் அதே அர்த்தம் இருந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்தி வந்த அன்றைக்கு அம்மா அழவில்லை. எழுத்துத் தகட்டைத் தேடி எடுத்தாள், கோழிக்கூட்டுக் கதவைப் பிடுங்கிப்போட்டுவிட்டுத் தகட்டைத் தலைகீழாக வைத்து ஆணி அடித்தாள். ஆபிசில் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் அரிசிப் பானைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கோழிக்கூட்டைத் தாண்டிப் போனார்கள்.

தலைவர் மாத்தயா பொலிஸ் வாசலுக்கு வந்தார். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அப்பாவும் நானும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம், அவர் உள்ளே போய்ச் சண்டை பிடித்தார். “ஏ தெக்கேம தேரும எக்கய்” என்று மேசையைத் தட்டிச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் என்று. அடுத்த தடவை வந்தபோது அந்தக் குரல் இல்லை. கட்சியில் மற்ற வேட்பாளர்கள் பயந்து விலகிக்கொண்டிருந்தார்கள், அவர் வீட்டையும் சோதித்திருந்தார்கள். கடைசியில் வாக்குமூலம் கொடுத்தார்: எனக்குத் தமிழ் தெரியாது, கீழே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் கிடையாது. தமிழ் அவருக்குத் தெரியாதுதான். ஆனால் கீழே என்ன எழுதியிருந்தது என்பதை அக்கா அவருக்கு வாசித்து, அர்த்தமும் சொல்லியிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டியிருந்தேன். அவருடைய கட்சியின் முதல் கொள்கை எந்த மனிதரையும் நீதவான் இல்லாமல் அடைக்கக்கூடாது என்பது. அந்தக் கொள்கை அச்சடித்த தாளோடு என் அக்காவை நீதவான் இல்லாமல் அடைத்து வைத்தார்கள். தேர்தல் வந்து போனது. பூட்டுக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று யாரும் பேசவில்லை.

அவள் திரும்பி வந்தபோது தலைமுடி பாதியாகிவிட்டிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. யட்டியாந்தோட்டைப் பக்கம் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனாள். பஸ்ஸில் என்னோடு போகும்போதுகூடச் சிங்களத்தில்தான் பேசுவாள், என்னிடமே. மணிச் சத்தம் கேட்கும் நேரத்தில் மலை உச்சியில் உள்ள மரங்களைத் தேடிப் போய் நிற்பாள்.

சில வருடங்கள் கழித்துத் தலைவர் மாத்தயா ஒரு தடவை எங்கள் வாசலுக்கு வந்தார். மெலிந்து, கைத்தடியோடு வந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்காதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மழையைப் பற்றியும் றப்பர் விலையைப் பற்றியும் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். பேச்சு ஓய்ந்த நேரத்தில் அவர் கோழிக்கூட்டைப் பார்த்தார். எழுந்து போய்க் குனிந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுத் தமிழில் வாசித்தார். வி. டு. த. லை. அந்த வயதில் தமிழ் எழுத்துப் படித்திருக்கிறார். வாசித்து முடித்ததும் தகட்டில் கையை வைத்தபடியே நின்றார். அக்கா அவரைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் உட்கார வைத்தாள். “தே எக்க நிவெனவா மாத்தயா” என்றாள். தேத்தண்ணி ஆறுகிறது, அவ்வளவுதான். அவர் போன பிறகு நான் கத்தினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றினாய் என்று கேட்டேன்.

“அவருக்கு அப்ப தமிழ் தெரியாதுதானடி” என்றாள்.

யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன கிழமை, கீழே ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். வேன்களில் கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்கள், எங்களோடு நன்றாகப் பழகுகிறவர்கள்தான், வாழையிலையில் பால்சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கினோம், சாப்பிட்டோம். வெற்றிக்காக அரசாங்கம் லீவு விட்டது. என் மகள் அப்போது சின்ன வகுப்பு. பள்ளிக்கூடத்தில் செய்தியைச் சொன்னதும் அவள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ரோட்டு வழியே ஓடி வந்தாள். கொடி பிடித்த கூட்டத்துக்கு நடுவே, வெடிச் சத்தத்துக்கும் மேலே, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தாள். “பெரியம்மா, விடுதல! விடுதல!”

அக்கா பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ரோட்டோரத்தில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து, பால் ஒட்டிய கையால் வாயைப் பொத்தி, அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மகள் மூச்சுத் திணறிக் கையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏன் பெரியம்மா? பள்ளிக்கூடம் இல்லன்னுதானே சொன்னேன்.”

“லீவுன்னு சொல்லு சாமி. லீவு. எங்க, சொல்லு பாப்போம்.”

“லீவு” என்றாள் மகள்.

“இன்னொருக்கா சொல்லு.”

சொல்லிக்கொடுப்பதில் அக்கா எப்போதும் கெட்டிக்காரி. மகள் அதற்குப் பிறகு ஒருநாளும் பிழையாகச் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் அக்கா கோழிக்கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். மரத்துச் சிரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரு பை நிறைய வைத்துக்கொண்டு, பிய்த்துப் பிய்த்து உருட்டித் தகட்டின் ஓட்டைகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் லை, பிறகு த. அவசரமே இல்லாமல், சுழிக்குச் சுழி விரலால் அழுத்தி அடைத்தாள். ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த அதே விரல். என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்க வேண்டாம்.

“கோழிக்குக் குளிருதுடி” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.