மூன்றாவது ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசிப்பார்கள். ஆராதனைக்கு நடுவே போதகர் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் திரும்பிப் பெண்ணைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். என் மகளுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தபோது, கொரோனா மறுபடி ஏறுகிறது என்று அரசு உத்தரவு வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோயில், மசூதி, தேவாலயம் எதிலும் மக்களை விடக்கூடாது.

உத்தரவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தைய அலையில் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கிலேயே இரண்டு பேரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம், இருவரும் திரும்பவில்லை. ஆனால் அந்த வாரமும் நான் தொழிற்சாலைக்குப் போன பஸ்ஸில் நிற்க இடமில்லை. மதுக்கடையில் வரிசை இருந்தது. எது அவசியம் என்று முடிவு செய்தவர்கள் எங்கள் ஓலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். வரும் புதன்கிழமை கல்யாணம், அதற்கு அடுத்த வாரம் விமானம். தேதி தவறினால் மறுபடி எப்போது விடுப்பு கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

கிழமை மாற்றி வாசிக்க விதியில் இடமில்லை என்றார் போதகர். வேண்டுமானால் பேராயரிடம் லைசென்ஸ் வாங்கி, ஓலை இல்லாமலே நடத்தலாம். இதை மாங்காட்டிலிருக்கும் சம்பந்தியம்மாவிடம் போனில் சொன்னேன்.

“லைசென்ஸ் கல்யாணம்னா எங்க சொந்தத்துல விரல் விட்டு மாசத்தை எண்ணுவாங்க,” என்றார். “உங்க பொண்ணைத்தான் பேசுவாங்க. என் பையனை இல்ல.”

எங்கள் பக்கத்திலும் எண்ணுவார்கள். யூடியூபில் வாசிக்கலாமே என்று என் கணவர் யோசனை சொன்னார். தடை சொல்கிறவர் அதில் எங்கே எழுந்து நிற்பார் என்று சம்பந்தியம்மா கேட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, பேசித் தீர்க்க நேரிலேயே போனேன். மாங்காட்டில் பூட்டியிருந்த அம்மன் கோயிலுக்கு வெளியே, ரோட்டில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜோடி அங்கேயே தாலி கட்டி, மாலையோடு ஆட்டோவில் ஏறிப் போனது. என்னை அழைத்துப்போக வந்த சம்பந்தியம்மாவும் நின்று பார்த்தார்.

“அவங்களுக்கு வாசலே போதுமா இருக்கு,” என்றார்.

அங்கிருந்தே போதகருக்குப் போன் செய்தேன். நீங்கள் கேட்டுக்குள் நின்று வாசியுங்கள், நாங்கள் வெளியே நின்று கேட்கிறோம் என்றேன். கூட்டம் சேரக்கூடாது, இரண்டு குடும்பமும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஞாயிறு காலை அங்கியும் முகக்கவசமுமாகப் போதகர் தேவாலயத்தின் பூட்டிய கேட்டுக்கு உள்ளே வந்து நின்றார். நாங்கள் எதிரே டீக்கடை ஓரம் நின்றோம். அவர் ஆரம்பித்ததும் டீக்கடை ரேடியோ அவர் குரலை விழுங்கியது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

“இன்னாக்கா விசேஷம்?” என்றார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். ரேடியோவை நிறுத்திவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், “கொஞ்சம் கம்முனு இருங்கபா, பொண்ணு பேரு படிக்கிறாங்கோ,” என்றார்.

போதகர் முதலிலிருந்து வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். சபைக்குள் என்றால் அந்த இடத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். கடைக்காரரோ தம்மைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பையன் தண்ணி கிண்ணி போடுவானா?”

பெண் பார்த்த நாளிலிருந்து நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது அது. சம்பந்தியம்மா என்னைத் தாண்டி முன்னால் வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன்.

“இல்லபா. நான் பெத்த புள்ள, எனக்குத் தெரியும்.”

“அப்ப சரி. எனக்கு ஒண்ணும் இல்ல, சாமி,” என்று கடைக்காரர் போதகரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். போதகர் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ் ஏறும்போது சம்பந்தியம்மா சொன்னார், “எத்தனையோ ஓலை கேட்டிருக்கேன். அதுல கேள்வி கேட்டவரு இவரு ஒருத்தருதான்.”

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. உள்ளே அனுமதித்த எண்ணிக்கையில் கடைக்காரருக்கு இடம் ஒதுக்க முடியவில்லை. வந்தவர்களுக்கு டீ அவர் கடையிலிருந்துதான் போனது. சர்க்கரை தூக்கலாக இருந்தது.