அவர் கட்டிய முடிச்சுகள்

என் கணவரின் படகு ஆளில்லாமல் பள்ளிவாசல்துறையில் கரையொதுங்கி மூன்று வருடமாகிறது. கடலில் மௌத்தாகிவிட்டார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நானும் அழுது ஓய்ந்து ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாதவர் அவரைப் பெற்ற மாமி மட்டும்தான்.

வீட்டுக்குப் பின்னால் அவர் போட்ட திராட்சைப் பந்தல் அன்றிலிருந்து கத்தி படாமல் கிடந்தது. திராட்சை பொல்லாத கொடி. குறைத்து வெட்டாவிட்டால் இலையாகத் தழைத்துக் காடாகிவிடும், காய்க்காது. இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. உள்ளே போனால் பட்டப்பகலிலும் இருட்டு. கொடியைக் கம்பியோடு சேர்த்து வலை நூலால் அவர் போட்ட முடிச்சுகள் மட்டும் அப்படியே இருந்தன. அவர் இடது கைக்காரர். அவருடைய முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்புறமாக விழும். காற்றில் பந்தல் முனகும்போதெல்லாம் அவர்தான் உள்ளே நடக்கிறார் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

இனியும் விட்டால் வேரோடு போய்விடும் என்று விவசாயப் போதனாசிரியர் சொன்னார். கத்தியோடு போனேன். மாமி குறுக்கே வந்து நின்றார்.

"முடிச்ச வெட்டாத புள்ள. என்ட மகன் கட்டினது. அவன் வந்து அவுப்பான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனவர் வருவார் என்று இருக்கிற கொடியையும் சாகவிடுவதா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வெட்டமாட்டேன், அவிழ்க்கிறேன் என்றேன். மாமி விலகி நின்றார்.

உப்புக் காற்றில் இறுகிப்போன முடிச்சுகள். நகம் பிய்ந்தது. அவரையும் அவருடைய கடலையும் திட்டித் திட்டி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நூல் எங்கே நுழைந்து எங்கே திரும்புகிறது என்று விரலுக்குப் பழகிவிட்டது. அவிழ்த்த நூலையெல்லாம் மாமி பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது. பார்க்கப் பொறுக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

சில கிழமைகளில் துளிர்த்தது. எரு போட்டு, சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவினேன். இளங்கொடி நீண்டதும், உலையில் வைத்துவிட்டு வந்த சோற்றை நினைத்துக்கொண்டே கம்பியில் கட்டிக்கொண்டு போனேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாமி பந்தலுக்குள் வந்தார். ஒரு முடிச்சைத் தடவினார். அடுத்ததையும் தடவினார். மூன்று வருடமாக நான் பார்க்காத முகம் திரும்பி வந்தது.

"எப்ப புள்ள வந்தவன்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லா முடிச்சும் எதிர்ப்புறமாக விழுந்திருந்தது. கட்டினது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி குடுத்தியா அவனுக்கு?" என்று கேட்டார்.

"ஓம் மாமி" என்றேன்.